இசையில் சைகையும் உடலசைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடுகிறவர் கை வீசுவதையும் வாத்தியம் வாசிக்கிறவர் உடல் சாய்வதையும் கண்டு ரசிப்பவர்களும் உண்டு, முகம் சுளிப்பவர்களும் உண்டு. அந்த இரு தரப்பினரும், இசை பயில்கிறவர்களும் எழுப்பும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே விடை தரப்படுகிறது. "சைகை" என்ற சொல் ஏதேனும் ஒன்றை உணர்த்தும் அசைவைக் குறிக்கிறது. "அசைவு" அதைவிட விரிந்தது. மூச்சு வாங்குவதும் அதில் அடங்கும்.

இசை காதுக்கு உரியது. அதில் உடலுக்கு என்ன வேலை?

தந்தி அதிர வேண்டுமானால் அதை ஒரு விரல் தொட வேண்டும். குரல் எழ வேண்டுமானால் விலா விரிந்து மூச்சு நிரம்ப வேண்டும். 1877-இல் எடிசன் ஒலியைப் பதிவு செய்து திருப்பி ஒலிக்கச் செய்யும் கருவியை உருவாக்கும் வரை, தானியங்கி இசைப்பெட்டிகளை விட்டுவிட்டால், இசையைக் கேட்ட ஒவ்வொருவரும் அதை உண்டாக்கிய உடலுக்கு அருகிலேயேதான் இருந்தார்கள். ஆளைக் காணாமல் இசையை மட்டும் கேட்பது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம். ஒலிபெருக்கியின் முன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை இயல்பென்றும், மேடையைப் பார்த்துக்கொண்டு கேட்பதைக் கலப்படமென்றும் நினைப்பது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

மேடையில் காணும் எல்லா அசைவும் ஒரே வகைதானா?

இல்லை. இதைப் பற்றிய வாக்குவாதங்களில் பாதி, வெவ்வேறு அசைவுகளை ஒரே பெயரால் அழைப்பதால் வருபவை. பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவா தெலாலந்து, பியானோ கலைஞர் கிளென் கூல்டின் வாசிப்பை ஆராய்ந்து 1988-இல் மூன்று அடுக்குகளைப் பிரித்துக் காட்டினார். முதலாவது, ஒலியை நேரடியாக உண்டாக்கும் அசைவு. விரல் விசையை அழுத்துவது அது. இரண்டாவது, அந்த அசைவுக்குத் துணை நிற்கும் அசைவு. தோள் முன்வருவது, மூச்சு வாங்குவது, முதுகு சாய்வது ஆகியவை அதில் சேரும். மூன்றாவது, கேட்பவரின் மனத்தில் மட்டும் உருவாகும் அசைவு. ஓர் இசைத்தொடர் "ஏறுகிறது", "தளர்கிறது", "தயங்குகிறது" என்றெல்லாம் நாம் சொல்லும்போது அங்கே உண்மையில் எதுவும் இடம் பெயரவில்லை, ஆனாலும் அந்தச் சொற்களைத் தவிர்த்து இசையைப் பற்றிப் பேசுவது கடினம்.

கூல்டு மிகத் தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்து, வாசிக்கும்போதே முனகிக்கொண்டு, ஒரு கை ஓய்ந்திருந்தால் அந்தக் கையால் மறு கையை நடத்திக்கொண்டு வாசித்தவர் என்பதால் இந்த ஆய்வுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார்.

இந்த மூன்று அடுக்குகளோடு நடைமுறைக்கு உதவும் உரைகல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: அசைவு ஒலிக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். முன்னால் வரும் அசைவு பெரும்பாலும் ஒலியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பின்னால் வருவது பெரும்பாலும் அந்த ஒலியைப் பற்றிய கருத்துரையே. விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று பியானோவைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

ஒலியை உண்டாக்கும் அசைவு உணர்ச்சியை எவ்வாறு தீர்மானிக்கிறது?

வயலினில் வில்லை இழுக்கும் வேகம், தந்தியின் மீது அது தரும் அழுத்தம், தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரைக்கு எவ்வளவு அருகில் தந்தியைத் தொடுகிறது என்பது ஆகிய மூன்றுமே ஒலியின் நிறத்தைப் பெரிதும் முடிவு செய்கின்றன. குதிரைக்கு அருகில், மெதுவாக, அழுத்தி இழுத்தால் செறிவான, விண்ணென்ற ஒலி கிடைக்கும். விரல் பலகையின் பக்கமாக விலகி, வேகமாக, இலேசாக இழுத்தால் காற்றோடு கலந்த மெல்லிய ஒலி கிடைக்கும். ஒரே சுரம்தான், ஆனால் முதலாவது வற்புறுத்துகிறது, இரண்டாவது கெஞ்சுகிறது.

வீணை இன்னும் வெளிப்படையான சான்று. அதில் தந்திக்குக் கீழே குறுக்காக அமைந்த 24 மெட்டுகள் மெழுகின் மேல் அசையாமல் நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் உள்ள ஒலிகளைப் பெறுவதற்குத் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுக்க வேண்டும். தோடி ராகத்தின் காந்தார சுரம் ஓரிடத்தில் நிற்காமல் கீழும் மேலும் அசைந்துகொண்டே ஒலிப்பது; மெட்டின் மேல் விரலை வைத்து ஒருமுறை மீட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் சுரம் சரியாகவே இருக்கும், தோடி இருக்காது. இழுக்கும் விரல் எவ்வளவு தயங்கிப் புறப்படுகிறது, உச்சியில் எவ்வளவு நேரம் நிற்கிறது, திரும்பும்போது தளர்ந்து வருகிறதா விடுபட்டு வருகிறதா என்பவற்றில்தான் ராகத்தின் முகம் தெரிகிறது. தந்தியை இழுக்கும்போது அதன் இறுக்கம் கூடி விரல்நுனி அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால், ஒலி உயர்வதற்குக் கை உழைக்கிறது. சுரத்தை இப்படி அசைத்து ஒலிக்கும் கமகத்தைக் கேட்கும்போது ஏதோ ஒன்று இழுபடுவது போல நமக்குத் தோன்றுகிறதென்றால், அங்கே மெய்யாகவே ஒன்று இழுபடுகிறது.

மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோலின் மீது அழுத்தி நகர்த்தும்போது எழும் கும்கியும் இவ்வகையே: தட்டிய பிறகு தொடரும் அசைவு ஒலியை வளைக்கிறது.

பியானோவில் விசையை அழுத்திய பிறகு கையைத் தூக்கி வீசுவதால் ஒலி மாறுமா?

மாறாது. விசையை அழுத்தும்போது சுத்தியல் தந்தியை நோக்கி எறியப்படுகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது விசையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அதன் பிறகு விசையில் என்ன செய்தாலும், விரலை எடுத்து ஒலியை அடக்குவதைத் தவிர, வேறு எந்தப் பலனும் இல்லை. விரல் விசையைத் தொடும் சத்தத்தையும் விசை அடியில் மோதும் சத்தத்தையும் ஒதுக்கிவிட்டால், ஒலியைத் தீர்மானிப்பது சுத்தியலின் வேகம் ஒன்றுதான்.

ஆனாலும் பெரிய ஆசிரியர்கள் ஒலித்த பிறகான கையசைவைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது வீணும் அன்று. பந்தை எறிந்த பிறகு கை எங்கே போய் நிற்கப் போகிறது என்பது, பந்து கையில் இருக்கும்போதே அந்த வீச்சை மாற்றிவிடுகிறது அல்லவா? அதுபோலவே, மென்மையாக மேலெழுவதாகத் திட்டமிட்ட கை விசையை நோக்கி இறங்கும்போதே இறுக்கம் இல்லாமல் இறங்குகிறது. பின்னால் வருவதாகத் தெரியும் அசைவு முன்னாலேயே தொடங்கிவிட்டது என்பதே இதன் விளக்கம்.

பாடகர்கள் ஏன் கையை வீசிப் பாடுகிறார்கள்?

பேசும்போது நாம் ஏன் கையை ஆட்டுகிறோமோ அதே காரணத்தின் நீட்சி இது. தொலைபேசியில் பேசுகிறவர் எதிரில் ஆள் இல்லை என்று தெரிந்தும் கையை ஆட்டுகிறார். பிறவியிலேயே பார்வையற்றவர்களும் பேசும்போது சைகை செய்கிறார்கள் என்பது 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டப்பட்டது. பிறர் செய்வதை அவர்கள் ஒருபோதும் பார்த்ததில்லை. ஆகவே சைகையின் முதல் பயன் செய்கிறவருக்கே என்று கொள்வது தவறாகாது.

பாடகருக்கு இந்தத் தேவை இன்னும் கூடுதல். வயலின் வாசிப்பவர் தன் விரல்களைப் பார்க்கலாம். பாடகரின் கருவி தொண்டைக்குள் இருக்கிறது, அதைப் பார்க்கவோ தொடவோ வழியில்லை. கை அந்த மறைந்திருக்கும் வேலைக்கு வெளியே ஓர் உருவம் கொடுக்கிறது. ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையின்போது கூர்ந்து பார்த்தால், கை காட்டுவது சுரத்தின் உயரத்தைக் காட்டிலும் அது செல்லும் வழியைத்தான் என்பது விளங்கும். ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தும் கார்வையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு மெல்லிய நூலைப் பிடித்து அறுந்துவிடாமல் இழுப்பது போலச் சேர்ந்து நகரும். வேகமான சுரக்கோவைகளான பிருகாக்கள் சிதறும்போது அந்தப் பிடி விட்டுப்போய் விரல்கள் விரியும். மேலிருந்து ஜாருவில் வழுக்கி இறங்கும்போது மணிக்கட்டு முதலில் தாழ்ந்து விரல்கள் அதன் பின்னால் வரும். இந்த நூலுக்கு எடை உண்டு, இழுவிசை உண்டு, சில இடங்களில் வழுக்கலும் உண்டு. பாடகர் அதைக் கற்பனை செய்கிறார் என்று சொல்வதைவிடக் கையாள்கிறார் என்று சொல்வதே பொருந்தும்.

முகமும் இதில் பங்குகொள்கிறது. இரண்டு சுரங்களைப் பாடும் பாடகர்களின் காணொளியை ஒலியை நீக்கிவிட்டுக் காட்டியபோது, அந்தச் சுரங்களுக்கு இடையிலான தூரம் பெரிதா சிறிதா என்பதைப் பார்வையாளர்கள் ஓரளவு சரியாகவே மதிப்பிட்டார்கள். தூரம் கூடக் கூடத் தலை அசைவும் புருவ ஏற்றமும் வாய்த் திறப்பும் கூடின.

தாளம் போடும் கை வெறும் கணக்குக்காகவா?

கணக்குக்காகவும்தான். ஆனால் அதன் வடிவத்தைக் கவனித்தால் வேறொன்றும் புலப்படும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு தட்டு. பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று விரல் எண்ணிக்கை. இவை நான்கும் சேர்ந்து லகு. அடுத்து ஒரு தட்டும் ஒரு வீச்சும்; மீண்டும் ஒரு தட்டும் ஒரு வீச்சும்; இவை இரண்டு துருதங்கள். எட்டில் மூன்று மட்டுமே ஓசை எழுப்பும் தட்டுகள், மீதி ஐந்தும் ஓசையில்லாத அசைவுகள். காலத்தை அளப்பது மட்டுமே நோக்கமானால் எட்டு முறை தட்டினால் போதுமே. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் தனி வடிவம் தந்திருப்பதால், பக்கவாத்தியக்காரர் பாடகரின் கையை ஒரு நொடி பார்த்தாலே தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனத்தில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார். பாடுகிறவரின் உடலும், அறிவு எண்ணாமலேயே, அந்த இடத்தை உணர்ந்துகொள்கிறது.

இதைவிட நுட்பமான பயன் ஒன்றும் உண்டு. பல பாடல்கள் தாளத்தின் முதல் தட்டில் தொடங்குவதில்லை. தட்டு விழுந்து சிறிது இடம் தள்ளியே பாடலின் எடுப்பு, அதாவது தொடக்கம், அமையும். அப்போது முதல் தட்டான சமத்தில் கை விழுகிறது, குரல் மௌனமாக இருக்கிறது. கேட்பவர் கேளாத அந்தத் தட்டைக் கண்ணால் காண்கிறார், அதன் பின் வந்து சேரும் சொல்லுக்கு அதனால் ஒரு துள்ளல் கிடைக்கிறது. ஒலிப்பதிவில் இதே இடம் பலருக்குச் சமத்தில் தொடங்குவது போலவே கேட்கும், துள்ளல் காணாமல் போகும்.

இசைக்குழுவை நடத்துபவர் ஒலி எழுப்புவதே இல்லை. அவருடைய கையில் அப்படி என்ன இருக்கிறது?

மேலை மரபில் ஒரு காலத்தில் நடத்துநரும் ஒலி எழுப்பினார். கனமான கோலால் தரையில் தட்டித் தாளம் காட்டும் வழக்கம் இருந்தது. பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லி 1687 ஜனவரியில் அப்படித் தட்டும்போது தன் காலையே குத்திக்கொண்டு, புண் அழுகி, மார்ச் மாதத்தில் இறந்துபோனார். பின்னாளில் கோல் சிறிய குச்சியாகி, ஓசையும் நின்றுபோய், காற்றில் வரையும் வடிவம் மட்டும் எஞ்சியது.

அந்த வடிவத்தில் மிக முக்கியமானது முதல் தட்டன்று, அதற்கு முன் கை மேலெழும் கணம். கை எவ்வளவு வேகமாக எழுகிறதோ அதுவே பாடலின் வேகம். எவ்வளவு தூரம் எழுகிறதோ அது ஒலியின் அளவு. மேலே போகும்போது வழுக்கிப் போகிறதா, வெட்டி நிற்கிறதா என்பது சுரங்கள் இழைந்து வர வேண்டுமா, தனித்தனியாக வர வேண்டுமா என்பதைச் சொல்கிறது. நல்ல நடத்துநர் அந்தக் கணத்தில் தானும் மூச்சை உள்ளிழுக்கிறார், ஊதுகருவி வாசிப்பவர்கள் அவரோடு சேர்ந்து மூச்சு வாங்குகிறார்கள். ஒரு நொடிக்குள், ஒரு சொல்லும் இல்லாமல், இத்தனையும் கடத்தப்படுகிறது. கை கீழே விழும்போது சொல்ல வேண்டியது முடிந்துபோயிருக்கும்.

நடத்துநர் இல்லாத சிறு குழுக்கள் எப்படி ஒன்றாகத் தொடங்குகின்றன?

அதே மூச்சினால்தான். நால்வர் குழுவில் முதல் வயலின் வாசிப்பவர் மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, வில்லின் நுனியையோ தலையையோ இலேசாக உயர்த்துவார். மற்ற மூவருக்கும் அது போதும்.

நாம் பார்ப்பது நாம் கேட்பதை மாற்றிவிடுகிறதா?

மாற்றுகிறது, அதுவும் நம் விருப்பத்தைக் கேளாமல் மாற்றுகிறது. ஒருவர் ஓர் ஒலியை உச்சரிக்கும் வாயசைவோடு வேறோர் ஒலியைச் சேர்த்துக் காட்டினால் கேட்பவர் மூன்றாவதாக ஓர் ஒலியைக் கேட்கிறார் என்பதை மக்கர்க், மக்டொனால்டு ஆகிய இருவரும் 1976-இல் வெளியிட்டார்கள். இசையில் இதற்கு நெருங்கிய சான்று மரிம்பா என்னும் மரக்கட்டை வாத்தியத்தைக் கொண்டு 2007-இல் ஷூட்ஸ், லிப்ஸ்கோம் ஆகியோர் செய்த சோதனை. வாத்தியக்காரர் நீண்ட கையசைவோடு தட்டினாலும் குறுகிய கையசைவோடு தட்டினாலும், ஒலியை மட்டும் கேட்டவர்களுக்கு நீளத்தில் வேறுபாடு தெரியவில்லை. காணொளியோடு கேட்டவர்களோ, கண்ணால் காண்பதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தும், நீண்ட அசைவுக்குரிய சுரம் நீளமாக ஒலித்ததாகவே மதிப்பிட்டார்கள். இதை ஏமாற்று என்று சொல்வாரும் உண்டு. தட்டியவுடன் தேய்ந்துபோகும் ஒலியைக் கொண்ட வாத்தியத்தில் கேட்பவரின் மனத்துக்குள்ளேயே சுரத்தை நீட்ட முடிகிறதென்றால் அதையும் வாசிப்பின் ஒரு பகுதியாகக் கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜேன் டேவிட்சன் 1993-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வகை. கலைஞர்களின் உடலில் ஒளிப் புள்ளிகள் மட்டும் தெரியும்படி செய்து, ஒரே இசைப் பகுதியை உணர்ச்சியின்றியும், வழக்கம் போலவும், மிகைப்படுத்தியும் வாசிக்கச் சொன்னார். முகம் தெரியாது, உடை தெரியாது, நகரும் புள்ளிகள் மட்டுமே. அப்படியும் எந்த விதத்தில் வாசிக்கப்படுகிறது என்பதை ஒலியை மட்டும் கேட்டவர்களைவிடப் புள்ளிகளைப் பார்த்தவர்கள் தெளிவாகக் கண்டுகொண்டார்கள்.

இதன் கவலை தரும் மறுபக்கத்தை 2013-இல் சியா-ஜுங் சாயின் ஆய்வு காட்டியது. பன்னாட்டு இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் நின்ற மூவரில் வென்றவர் யார் என்று கேட்டபோது, ஒலியில்லாத காணொளியைப் பார்த்தவர்களே குருட்டாம்போக்கை மிஞ்சிச் சரியாகச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்கள் சொல்லவில்லை. தேர்ந்த இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்க இசைக்குழுக்கள் பல 1970-களிலும் 80-களிலும் ஆள் தேர்வின்போது திரை கட்டத் தொடங்கியதும், காலடிச் சத்தம் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காதிருக்கச் சில இடங்களில் தரைவிரிப்பு போட்டதும் வேண்டாத பார்வையைத் தடுக்கத்தான். தேர்வுக்குத் திரை வேண்டும், மேடைக்கு வேண்டாம் என்பதில் முரண்பாடு இல்லை. முன்னது தகுதியை அளக்கும் இடம், பின்னது இசையைப் பகிரும் இடம்.

கேட்பவர் அசைந்தால் அவர் கேட்பது மாறுமா?

மாறும். பிலிப்ஸ்-சில்வர், டிரெய்னர் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட சோதனையில், எங்கும் அழுத்தம் இல்லாத ஒரு தாளத்தை ஏழு மாதக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்து, சிலரை இரண்டிரண்டாகவும் சிலரை மும்மூன்றாகவும் தூக்கி ஆட்டினார்கள். பிறகு அழுத்தத்தோடு கூடிய இரண்டு வடிவங்களையும் ஒலிக்கச் செய்தபோது, தங்களை ஆட்டிய விதத்துக்குப் பொருந்தியதையே குழந்தைகள் நீண்ட நேரம் கேட்டன. பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் போதவில்லை; தன் உடல் ஆட வேண்டியிருந்தது.

அசையாமல் பாடுவதே உயர்ந்தது என்ற கருத்து தவறா?

அதற்கும் நீண்ட மரபு உண்டு. சீவக சிந்தாமணியில் காப்பிய நாயகியருள் ஒருத்தியான காந்தருவதத்தை பாடும்போது புருவம் ஏறவில்லை, கண் ஆடவில்லை, மிடறு விம்மவில்லை, பல்லும் தோன்றவில்லை. பாடியது அவள்தானா, வீணையே நாவால் பாடியதா என்று கேட்டவர்கள் மயங்கினார்கள். முயற்சி வெளியே தெரியாத பாட்டே முழுமையானது என்ற இந்த நோக்கு இன்றைக்கும் "அங்க சேட்டை" என்ற கண்டனச் சொல்லில் வாழ்கிறது. அந்தக் கண்டனம் பல நேரங்களில் நியாயமானதே: தாடை கோணுவது, கழுத்து நரம்பு புடைப்பது, தோள் காதைத் தொடுவது ஆகியவை இசையின் வெளிப்பாடுகள் அல்ல, இறுக்கத்தின் அடையாளங்கள்.

ஆனால் முழு அசைவின்மை பெரும்பாலோருக்குக் கைகூடுவதே இல்லை. கிளாரினெட் கலைஞர்களை அசையாமல் வாசிக்கச் சொல்லி மார்செலோ வாண்டர்லி அளந்தபோது, அவர்களுடைய வழக்கமான அசைவுகள் மிகச் சிறிதாகிப்போனாலும் முற்றிலும் மறையவில்லை. ஒரே கலைஞர் ஒரே பாடலை வெவ்வேறு முறை வாசித்தபோது அதே இடங்களில் அதே அசைவுகள் திரும்ப வந்தன.

அசையாமையைக் கட்டாயமாகக் கேட்கும் ஒரு வாத்தியமும் இருக்கிறது. 1920-ஐ ஒட்டி ரஷ்யாவில் லெவ் தெரமின் உருவாக்கிய, அவர் பெயராலேயே வழங்கும் கருவியைத் தொடாமலே வாசிக்க வேண்டும். ஒரு கை நிமிர்ந்த கம்பியின் அருகே சுருதியை மாற்றுகிறது, மறு கை வளையத்தின் மேல் ஒலியளவை மாற்றுகிறது. முழுக்க முழுக்கச் சைகையால் இயங்கும் வாத்தியம்தான், ஆனால் உடல் சற்றுச் சாய்ந்தாலே சுருதி பிறழும் என்பதால் வாசிப்பவர் சிலை போல நிற்க வேண்டியிருக்கிறது.

கணினியில் இசைப்பவர்களுக்கு இது பொருந்துமா?

மற்ற வாத்தியங்களில் அசைவுக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இயற்பியல் தந்தது. கணினியில் அதை யாராவது வடிவமைக்க வேண்டும். ஒரு பொத்தானை மெல்லத் தொட்டாலும் பேரிடி போன்ற ஒலி வரலாம் என்பதால், எது எதனால் எழுந்தது என்று பார்வையாளருக்குத் தெரிவதில்லை. மிஷெல் வைஸ்விஸ் 1984-இல் கைகளில் உணரிகளை மாட்டிக்கொண்டு வாசித்ததும், பின்னர் உணரி பொருத்திய கையுறைகள் வந்ததும் அந்த இடைவெளியை அடைக்கத்தான். இவற்றில் வெற்றி பெற்றவை, கைக்கு ஏதோ ஒரு தடையையும் உழைப்பையும் மீட்டுத் தந்தவையே.

பயிற்சியில் இதை எப்படிக் கையாள்வது?

ஆசிரியரின் கையசைவை அப்படியே பின்பற்றுவதில் தொடக்கத்தில் குற்றமில்லை. அந்தச் சைகையோடு சேர்ந்தே அவர் சுரத்தைப் பிடிக்கும் விதமும் வந்துசேர்கிறது. ஜெனீவாவில் கற்பித்த எமில் ஜாக்-டல்குரோஸ், தாளத்தை எழுத்தில் படித்த மாணவர்கள் அதை உடலில் உணரவில்லை என்று கண்டு, நடந்தும் கை வீசியும் தாளம் பயிலும் முறையையே வகுத்தார். கடினமான ஒரு தொடரை அதன் காலத்துக்கு ஏற்ப அறைக்குள் நடந்துகொண்டே பாடிப் பார்த்தால், தடுமாறும் இடம் எது என்பதைக் குரலுக்கு முன்பே கால் சொல்லிவிடும்.

மற்றொன்று: ஒரே பகுதியை இருமுறை பதிவு செய்துகொள்ளுங்கள், ஒருமுறை கைகளை மடியில் வைத்து, மறுமுறை மனம் போனபடி அசைந்து. ஒரு நாள் கழித்து முதலில் இரண்டையும் படம் பார்க்காமல் கேளுங்கள். அசைந்து பாடியதில் சுருதியோ மூச்சோ நன்றாக இருந்தால் அந்த அசைவு வேலை செய்கிறது. வேறுபாடே கேட்கவில்லையென்றால் அது உங்களுக்கு மட்டும் இன்பம் தரும் பழக்கமாக இருக்கலாம், வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். அசைந்து பாடியது கெட்டிருந்தால் ஒலியை நிறுத்திவிட்டுக் காணொளியைப் பாருங்கள். அப்போது கையைப் பார்க்க வேண்டாம். கை உயர்வதற்கு அரை நொடி முன்னால் தோளும் தாடையும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் தொடங்கியிருக்கும்.